பேண்ட்ல ரெட்டைக் கோடு

எல்லாத் தொழிலுக்கும் ஒரு கெட்ட வார்த்தை உண்டு. சலவைக் கடையில் அது "ரெட்டைக் கோடு". மற்றக் கெட்ட வார்த்தைகளை அங்கே செல்லமாகக்கூடச் சொல்லிக்கொள்வார்கள். இதை மட்டும் யாரும் விளையாட்டுக்கும் வாயில் எடுப்பதில்லை. பேண்ட் தேய்க்கும்போது பழைய மடிப்பின் மேலேயே புது மடிப்பு போய் உட்கார வேண்டும். ஒரு நூல் விலகினால் போச்சு. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரண்டு கோடு பக்கத்துப் பக்கத்தில் ஓடும். போட்டுக்கொண்டு போகிறவன் தண்டவாளத்தைக் காலில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி இருப்பான். அவனுக்குத் தெரியாது, எதிரே வருகிறவனும் பெரிதாகக் கவனிக்க மாட்டான். ஆனால் தேய்த்தவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

நம் ஆள் அப்படிச் சோறு இறங்காத ஜாதி. கடையில் அவருக்குப் "பெட்டி" என்று பெயர். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தே பாதி ஆயுள் போனது ஒரு காரணம். உள்ளே எதைப் போட்டாலும் பூட்டத் தெரியாத பெட்டி என்பது இன்னொரு காரணம். தெருவில் யார் வீட்டுப் பெண் யாரோடு பேசுகிறாள், எந்த மேனேஜர் சட்டையில் எந்த வாசனை, எல்லாம் அவர் மேசைக்குத்தான் முதலில் வரும். அதில் கொஞ்சம் மசாலா தடவி, சூடாகத் தேய்த்து, மடித்து அனுப்பிவிடுவார். மனசில் விஷம் கிடையாது. வாயில்தான் கொஞ்சம் அரிப்பு.

வீட்டில் மனைவி, மச்சினன். மனைவி கல்யாணத்துக்கு முன்னால் அதே கடையில் பித்தான் தைத்தவர். இப்போது மருந்துக் கடையில் வேலை. மச்சினன் பார்சல் கொண்டு கொடுக்கிறவன். ஆள் ஒல்லி, உயரம், தலை பரட்டை. அதனால் அவனுக்கு வீட்டிலும் வெளியிலும் "ஒட்டடைக்குச்சி". கூப்பிடச் சோம்பேறித்தனப்பட்டு "ஒட்டடை" ஆகிவிட்டான்.

ஒரு நாள் ஒட்டடை வந்து, "மாமா, நான் ஒரு பேண்ட் ஆரம்பிக்கிறேன்" என்றான்.

"ஆரம்பி மாப்ள, நல்லதுதான். எத்தன நாளைக்கு என் லுங்கியவே கட்டிக்கிட்டுத் திரிவ?"

"ஐயோ மாமா, போடுற பேண்ட் இல்ல. பாடுற பேண்ட். பங்க் ராக், கோவமா கத்திப் பாடுறது."

நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். போடுகிற பேண்ட், பாடுகிற பேண்ட், எழுதினால் வித்தியாசமே தெரியாது. இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிய வேலை செய்யப் போகிறது. கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேண்டில் நாலு பேர். ஒட்டடை பாட்டு. அவன் கூட வேலை பார்க்கிற இரண்டு பேர் கிட்டாரும் டிரம்மும். நாலாவது, பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று விளக்குப் பிடிக்கிற ஒரு பெண். ட்ரம்பெட் ஊதுவாள். கத்துகிற பாட்டில் ட்ரம்பெட்டுக்கு என்ன வேலை என்று பெட்டி கேட்டதற்கு, "கத்துறவன் மூச்சு வாங்குறப்ப நான் ஊதுவேன் அண்ணே" என்றாள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். கோபம் வந்தாலும் அதே குழிதான் விழும். அதனால் எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

பார்சல் கிடங்கில் லீவு நாளாகப் பார்த்துப் பாட்டுப் பதிந்தார்கள். ஆரம்பித்தது பத்துப் பாட்டுக்கு. முடிந்தது இருபத்தாறில். யார் எதைக் கொண்டுவந்தாலும் ஒட்டடை வேண்டாமென்று சொல்லவில்லை. காது கிழியக் கத்துவது ஒன்று, தாலாட்டு ஒன்று, ஜோடி சேர்ந்து ஆடுகிற மெட்டு ஒன்று, ஊர்வலத்தில் வாசிக்கிற மாதிரி ஒன்று, பாட்டே இல்லாமல் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் ஒன்று. மொத்தத்துக்கும் "நாற்காலி பத்தாது" என்று பெயர் வைத்து, கேட்கிறவர்கள் கீழேயே கருத்து எழுதுகிற மாதிரி ஒரு இணையதளத்தில் போட்டார்கள்.

போட்டதோடு சரி. ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு ஜுரம் வந்தால் தாய் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாளே, அப்படி ஒட்டடை போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போன், குளிக்கும்போது சோப்புக்குப் பக்கத்தில் போன். கருத்து என்ற இடத்தில் வெறும் வெள்ளை.

பெட்டிக்கு மனசு கேட்கவில்லை. மச்சினன் மேல் உயிர் அவருக்கு. கல்யாணத்தன்று பெண் வீட்டில் இருந்து சீராக வந்தது இவன்தான் என்று சொல்லித் திரிகிறவர். கடையில் டீ குடிக்கிற நேரத்தில் போனை எடுத்து, தானே கருத்து எழுத ஆரம்பித்தார். "இசைப்பித்தன்" என்ற பெயரில் ஒன்று. "ஒரு தாய்" என்ற பெயரில் ஒன்று. "ஓய்வு பெற்ற ராணுவ வீரன்" என்று ஒன்று, அதில் எல்லையில் நின்றபோது இப்படிப் பாட்டு இருந்திருந்தால் குளிரே தெரிந்திருக்காது என்று ஒரு வரி. "கல்லூரி மாணவி" எழுதியதுதான் உச்சம்: "கேட்டதும் மனசு இஸ்திரி போட்ட மாதிரி ஆயிருச்சு."

ஒட்டடைக்குத் தலைகால் புரியவில்லை. "மாமா, ராணுவத்துல எல்லாம் கேக்குறாங்க மாமா!" என்று குதித்தான். அன்றைக்கு இரண்டு தட்டு சேர்த்துச் சாப்பிட்டான். பெட்டிக்கும் சந்தோஷம். ஆனால் ட்ரம்பெட் பெண் வந்து எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டு, கன்னத்தில் குழி விழ, "என்னடா இது, எல்லாம் நம்ம வீட்டு ஆளுங்களே எழுதுன மாதிரி இருக்கு? ஒருத்தராவது ஒரு குறை சொல்ல வேணாமா?" என்றாள். ஒட்டடையின் முகம் தொங்கிப் போனது.

சமையல்கட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெட்டிக்குச் சுருக்கென்றது. பொண்ணு சொல்வது நியாயம்தானே! குழந்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தால்தான் அம்சம். எல்லாம் வெள்ளையாக இருந்தால் எவன் நம்புவான்? ஒரே ஒரு திருஷ்டிப் பொட்டு, சின்னதாக. அவ்வளவுதான் அவர் நினைத்தது. சத்தியமாக அவ்வளவுதான்.

மறுநாள் மேசைக்குப் பக்கத்தில் நின்று எழுத ஆரம்பித்தார். புகழ்ந்து எழுதும்போது இந்த மனுஷனுக்கு ஒவ்வொரு வரியும் பல் பிடுங்குகிற மாதிரி வந்தது. குறை எழுதும்போது பாருங்கள், விரல் குதிரை மாதிரி ஓடியது. வாயரிப்பு விரலுக்கு இறங்கிவிட்டது. எழுதியது இதுதான்:

"இருபத்தாறு பாட்டு. மூணு பாட்டு கத்துறாங்க, நாலாவது தாலாட்டு. ஏன்யா, நீங்களே எழுப்பிவிட்டு நீங்களே தூங்க வைப்பீங்களா? கல்யாண வீட்டுக்கும் எழவு வீட்டுக்கும் ஒரே பந்தல் போட்ட மாதிரி இருக்கு. எங்க சிரிக்கணும் எங்க அழணும்னு வந்தவனுக்குப் புரியல. போட்ட கோட்டு மேலயே போகத் தெரியணும். சுருக்கமா சொன்னா இந்த பேண்ட்ல ரெட்டைக் கோடு. பத்துப் பாட்டோட நிறுத்தியிருந்தா உருப்பட்டிருக்கும். இப்படிக்கு, காது உள்ளவன்."

படித்துப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டார். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் அவர் யோசிக்கவில்லை. இருபத்தாறில் அவர் கேட்டிருந்தது முதல் ஆறு. கேட்ட அன்றைக்கு ஏழாவது வருவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

பொட்டு வைக்கப் போனவர் முகம் பூராவும் கரியைப் பூசிவிட்டார் என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. காது உள்ளவனின் கருத்தை யாரோ படம் பிடித்து யாருக்கோ அனுப்ப, அவர் பத்துப் பேருக்கு அனுப்ப, பத்துப் பேரும் சும்மா இருக்கிற பத்துப் பேருக்கு அனுப்ப, ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் கொஞ்சம் பேர், அப்படி என்னதான் இருக்கிறது என்று பாட்டையும் கேட்டார்கள். கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளையாகக் கிடந்த இடத்தில் இப்போது ஆளாளுக்கு எழுதினார்கள்.

"இது ஆல்பம் இல்ல, வீடு மாத்துறப்ப லாரியில ஏத்துற சாமான். கட்டிலும் இருக்கு, கரண்டியும் இருக்கு. எது எங்க இருக்குன்னு மட்டும் தெரியல" என்றார் ஒருவர். "பதினொண்ணாவது பாட்டுல நான் எறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன். திரும்பி நடந்து வந்தேன், அதையே கேட்டுக்கிட்டு" என்று ஒருவர். "நான் கோவத்தோட பங்க் கேக்க வந்தேன். பதினாலாவதுல மெதுவா ஆடச் சொல்றீங்க. என் கோவத்த நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று ஒருவர். "மோசமான பாட்டும் இருக்கட்டும். அதுங்க இருக்கறதாலதான் நல்லது வர்றப்ப நல்லா இருக்கு" என்று ஒரு பெரிய மனசுக்காரர். "யாருப்பா அந்த ஊதுறது?" என்று மட்டும் ஒருவர்.

ஆனால் எல்லாருமே முடிவில் வந்து நின்ற இடம், ரெட்டைக் கோடு. இந்த பேண்ட்ல ரெட்டைக் கோடு என்றால் என்ன? தண்டவாளம் மாதிரி, கடைசி வரைக்கும் சேராத இரண்டு மனசு என்றார் ஒருவர். ரோட்டு நடுவில் போடுகிற இரட்டைக் கோடு, தாண்டக் கூடாததைத் தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம் என்றார் இன்னொருவர். வாத்தியார் ஒருவர் போலிருக்கிறது, தப்பான விடைக்கு அடியில் இரண்டு கோடு போடுவதைத்தான் சொல்கிறார் என்று விளக்கம் கொடுத்தார். பேண்டுக்குள் இரண்டு கோஷ்டி இருக்கிறது, விவரம் தெரிந்த ஆள் உள்ளிருந்து எழுதியிருக்கிறார் என்று ஒருவர் கொளுத்திப் போட்டார். சலவைக் கடை ஆட்கள் யாரும் அந்தக் கருத்துப் பக்கம் போகவில்லை, நல்ல வேளை.

ஒரு ஆள் மட்டும் போனார். பெட்டியின் மனைவி.

மருந்துக் கடையில் யாரோ காட்ட, படித்துவிட்டு வந்தார். வந்ததும் பையை வைத்தார், கையைக் கழுவினார், துடைத்தார். அப்புறம் கணவரின் முகத்தைப் பார்த்தார்.

"ஏங்க. அது உங்க வாய்தானே?"

"எது?"

"நான் அந்தக் கடையில பித்தான் தச்சவ. ரெட்டைக் கோடுன்னா என்னன்னு எனக்கு வாத்தியார் வந்து சொல்லணுமா?"

பெட்டி திருஷ்டிப் பொட்டு விவகாரத்தை ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"பொட்டு வைக்கறவங்க சுண்டு விரல்ல தொட்டு வப்பாங்க. நீங்க சட்டியோட கவுத்திருக்கீங்க" என்றார் மனைவி. "அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அது கோள். நீங்களே சொல்லுங்க. ஆனா சீக்கிரம் சொல்லுங்க, அந்தப் புள்ளைங்க அத வேதவாக்கா எடுத்துக்கிட்டு என்னென்னமோ பேசுதுங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் எழுந்தார். எழுந்ததும் ஒட்டடையின் முகத்தைப் பார்ப்பார். சொல்வதற்குப் பதிலாக இஸ்திரி போட்டார். முன்னெல்லாம் மச்சினனுக்குச் சட்டை மட்டும்தான் தேய்த்துக் கொடுப்பார். இப்போது கைக்குட்டை, சாக்ஸ், பனியன். ஒரு நாள் குளிக்கிற துண்டைக்கூட மடிப்பு எடுத்து வைத்தார்.

"என்ன மாமா, எனக்குப் பொண்ணு ஏதும் பாத்துட்டீங்களா? என்கிட்ட சொல்லவே இல்ல" என்றான் ஒட்டடை.

"சும்மாதான் மாப்ள. சூடு மிச்சமா இருந்துச்சு."

கருத்தை அழித்தும் பார்த்தார். அழிந்தது. ஆனால் படம் பிடித்தவர்கள் கையில் அது சிரஞ்சீவியாக இருந்தது. அழித்ததும் இன்னும் மோசம், "காது உள்ளவனை மிரட்டி அழிக்க வைத்துவிட்டார்கள்" என்று பேண்டுக்குக் கெட்ட பெயர் வந்தது.

ஒரு நாள் காலையில் ஒட்டடை செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, உங்களுக்கு நாலு பேர் பழக்கம். ரெட்டைக் கோடுன்னா என்னவா இருக்கும்?" என்று கேட்டான்.

இதுதான் வாசல். திறந்து கிடக்கிறது. நுழைந்திருக்கலாம்.

"எனக்கென்ன மாப்ள தெரியும்? படிச்சவன் எவனோ எழுதியிருக்கான்."

சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது பெட்டிக்கு. ஒட்டடை தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினான். "ஆமா மாமா. படிச்சவன்தான். காது உள்ளவன். சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றான்.

அந்த வார லீவு நாளில் பேண்ட் முழுக்க முன்னறையில் கூடியது. பெட்டி சமையல்கட்டில் நின்று, கழுவின டம்ளரையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். காது முன்னறையில்.

"பத்துப் பாட்டு" என்றான் ஒட்டடை. "பத்த மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த எடுத்துடலாம். கத்துறது எல்லாம் இருக்கட்டும். கோடு ஒண்ணாயிடும்."

"அப்ப என்னுது?" என்றாள் ட்ரம்பெட் பெண்.

டிரம்காரன் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்து நிறுத்தினான்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"உன்னுது நல்லா இல்லன்னு இல்ல. சேர மாட்டேங்குது. அந்த ஆள் சொன்ன மாதிரி, கல்யாண வீட்டுல எழவுப் பந்தல்..."

"எழவு நான்தான் இல்ல?" கன்னத்தில் குழி விழுந்தது. இந்தத் தடவை எந்தக் குழி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. "மூச்சு வாங்க நேரமில்லாம நீயே கத்து. ஊதுறதுக்கு ஆள் எதுக்கு?"

ட்ரம்பெட்டை அதன் உறைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு கொக்கி. க்ளிக், க்ளிக். அவள் செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கித் தெரு வரைக்கும் போய்த் தேய்ந்தது. பெட்டியின் கையில் டம்ளர் அப்படியே இருந்தது. அவர் மனைவி வாசலில் நின்று அவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் கடையில் பெட்டி முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்தார். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ஏழாவது பாட்டிலிருந்து கேட்க ஆரம்பித்தார். தூக்குத் தண்டனை கொடுத்துவிட்டு வழக்கு விசாரிக்கிற கதைதான்.

ஒன்பதாவது சகிக்கவில்லை. பதினொன்றாவதில் கை மெதுவானது. பன்னிரண்டாவது, குழாய் சொட்டுகிறது, அவருக்குப் பாத்ரூம் போக வேண்டும் போல இருந்தது. பதினொன்றாவதில் கை மெதுவானது. மெஷின் பார்க்கிற "சோப்பு" பக்கத்தில் வந்து, "என்னண்ணே, மச்சினன் பாட்டா? நானும் கேட்டேன். இருபதாவது அப்படியே என் மெஷின் துணி பிழியுற சத்தம். நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு எதுக்குண்ணே பாட்டு, மெஷினே இருக்கே?" என்று தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போனான்.

அப்புறம் இருபத்தொன்று.

ட்ரம்பெட் மட்டும் முதலில் வந்தது. தொலைந்துபோன ஒன்றை வீடு முழுக்கத் தேடுகிறவர் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்ப்பது மாதிரி, கொஞ்சம் ஊதும், நிற்கும், இன்னொரு பக்கம் போய்க் கொஞ்சம் ஊதும். டிரம் இல்லை, யாரோ மேசையை விரலால் தட்டுகிறார்கள். ஒட்டடை கத்தவில்லை. அவனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது ஒரே வீட்டில் இருக்கிற பெட்டிக்கே தெரியாது. "கதவச் சாத்தாதீங்க, இன்னும் ஒரு ஆள் வரணும்." அவ்வளவுதான் பாட்டு. அதையே திரும்பத் திரும்பப் பாடுகிறான். ஒவ்வொரு தடவையும் ட்ரம்பெட் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், அங்கேயே நின்று முடிந்துவிட்டது.

இந்தப் பாட்டைத்தான் எடுத்துவிடப் போகிறார்கள். இந்தப் பெண்ணைத்தான் வெளியே அனுப்பியாகிவிட்டது. பெட்டி அதையே மறுபடி போட்டுக் கேட்டார். மறுபடியும். கை அதுபாட்டுக்குத் துணி மேல் போய்வந்தது.

"யோவ் பெட்டி!"

முதலாளியம்மா கவுண்டரிலிருந்து போட்ட சத்தம் பாட்டையும் தாண்டி வந்தது. அவர் கையில் ஒரு கறுப்பு பேண்ட். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"என்னய்யா இது? இந்த பேண்ட்ல ரெட்டைக் கோடு! உன் கையாலயா? கடை ஆரம்பிச்ச நாள்ல இருந்து நீ ஒரு ரெட்டைக் கோடு போட்டு நான் பாத்ததில்லையே! இந்த பேண்ட்ல ரெட்டைக் கோடுன்னா வாங்க வர்றவரு என் மூஞ்சியில எறிய மாட்டாரு?"

பெட்டி ஒயரைக் கழற்றினார். முதலாளியம்மாவுக்குப் பின்னால், கவுண்டருக்கு அந்தப் பக்கம், கையில் பார்சலோடு ஒட்டடை நின்றுகொண்டிருந்தான். கடைக்குப் பொட்டலம் கொண்டுவந்திருக்கிறான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவன் பார்வை பேண்டுக்குப் போனது. அந்த இரண்டு கோட்டிலேயே தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இறங்கியது. அப்புறம் மேசைக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டிக்கு. மாமாவுக்கு.

எழுத்தில் படித்தபோது பாடுகிற பேண்ட். காதில் கேட்டபோது போடுகிற பேண்ட்.

பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்தான். முதலாளியம்மாவிடம் கையெழுத்து வாங்கினான். அப்புறம் மேசைக்குப் பக்கத்தில் வந்தான்.

"மாமா. காது உள்ளவன்..."

"மாப்ள, நான் ஒரு திருஷ்டிப் பொட்டா நெனச்சுதான்..."

"ஒரு தாய்?"

பெட்டி தலையைக் குனிந்தார்.

"ராணுவ வீரன்?"

"அதுவும் நான்தான்."

இதில்தான் ஒட்டடை உடைந்தான். திட்டினவன் மாமா என்பது அவனுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. புகழ்ந்த அத்தனை பேரும் ஒரே மாமா என்பதுதான் வலித்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எழுதுறப்ப முழுசாக் கேட்டீங்களா?"

பொய் சொல்ல நாக்கு புரண்டது. பெட்டி அதைப் பல்லுக்குள் பிடித்து நிறுத்தினார்.

"ஆறு."

"ஆறா?"

"தூங்கிட்டேன் மாப்ள. ஓவர்டைம் அன்னைக்கு."

ஒட்டடை சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்கு அவன் அடித்திருக்கலாம். "என்கிட்ட சொல்லி என்ன மாமா? போய் அவகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பல் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன சொல்வது என்று தெரியாமல் வரிசையில் உட்கார்ந்தார் பெட்டி. முறை வந்தது. என்ன பிரச்சனை என்று யாரும் கேட்பதற்குள் பிடித்துச் சாய்வு நாற்காலியில் சாய்த்துவிட்டார்கள். டாக்டர் கையுறை மாட்டப் போனார். விளக்கை இழுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தது ட்ரம்பெட் பெண். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

"அண்ணே, நீங்களா? வாயத் தெறங்க."

"அதுக்குத்தாம்மா வந்தேன்" என்றார் பெட்டி. "அந்த ரெட்டைக் கோடு... இந்த வாய்தாம்மா அது."

விளக்கில் கண் கூசியது. படுத்த வாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னார். பொட்டு, தாய், ராணுவம், அழித்தது, தெரியாதென்று சொன்னது. முகமூடி போட்டிருந்ததால் குழி விழுந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஆறு பாட்டு கேட்டீங்களா?"

"ஆமாம்மா."

"மொத ஆறா?"

"ஆமா."

"என் பாட்டு ஏழுலதான் ஆரம்பிக்குது அண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். பெட்டிக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் இவளைத் திட்டவே இல்லை. கேட்காத பாட்டை எங்கே திட்டுவது? ஆனால் தண்டனை முழுக்க இவளுக்குத்தான் விழுந்தது.

"இப்பக் கேட்டேம்மா. ஒம்பது எனக்குப் பிடிக்கல. அந்தக் குழாயும் பிடிக்கல, பொய் சொல்ல மாட்டேன். இருபத்தொண்ணு கேட்டுக்கிட்டே தேச்சேன்." விளக்கிலிருந்து கண்ணை எடுத்தார். "ஒருத்தர் பேண்ட்ல ரெட்டைக் கோடு போட்டுட்டேன். என் ஆயுசுல மொத தடவை."

விளக்கு கொஞ்சம் ஆடியது.

"நெஜமாவா?"

"முதலாளியம்மாவக் கேட்டுப் பாரு."

டாக்டர் வந்தார். வந்ததற்கு ஒரு பல்லைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அனுப்பினார். வெளியே வரும்போது அவள், "இதெல்லாம் என்கிட்ட சொன்னீங்கள்ல, அங்கயும் எழுதுங்க. உங்க சொந்தப் பேர்ல" என்றாள்.

எழுதினார். ஆறு கேட்டுவிட்டு இருபத்தாறுக்குத் தீர்ப்பு சொன்னது நான்தான், இன்ன கடையில் இஸ்திரி போடுகிறவன், ரெட்டைக் கோடு என்றால் இதுதான் அர்த்தம், இருபத்தொன்றாவதைக் கேளுங்கள் என்று எல்லாம் எழுதினார். பல் பிடுங்குகிற மாதிரிதான் வந்தது. ரொம்ப நாள் அதற்குக் கீழே ஒரே ஒரு பதில்தான் இருந்தது: "பழைய கருத்தில் இருந்த நகைச்சுவை இதில் இல்லை."

பேண்ட் உடைந்ததா என்று கேட்பீர்கள். உடையவில்லை. ட்ரம்பெட் பெண் திரும்பி வந்தாள். ஆனால் இரண்டு நிபந்தனை போட்டாள். இருபத்தாறில் ஒன்றையும் தொடக் கூடாது, குழாய் உட்பட. பேண்டின் பேரை மாற்ற வேண்டும். என்ன பேர் என்று அவள் சொன்னதும் ஒட்டடை கிடங்கே அதிரச் சிரித்தானாம். மாமாவோடு அவன் பேசாமல் இருந்த நாட்களில் அதுதான் அவன் முதல் சிரிப்பு.

இப்போது பெட்டி வேலைக்குப் போகிற வழி முழுக்கச் சுவரில் அந்தப் பேர் ஒட்டியிருக்கிறது. கொட்டை எழுத்தில்: "ரெட்டைக் கோடு". ஒரு போஸ்டர் கடைக்கு நேர் எதிர்ச் சுவரில், அவர் மேசையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு நேராக. முதலாளியம்மா அதைக் கிழிக்கச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். "சலவைக் கடை வாசல்ல இத ஒட்டுறானே, பல் ஆஸ்பத்திரி வாசல்ல சொத்தைப் பல்லுன்னு ஒட்டுவானா?" கிழித்த இடத்தில் மறுநாள் புதிதாக ஒன்று இருக்கும்.

முதல் மேடைக்கு முந்தின நாள், ஒட்டடை கடைக்கு வந்து நாலு கறுப்பு பேண்ட்டை மேசை மேல் வைத்தான். கூடவே ட்ரம்பெட் பெண்.

"மாமா, மேடைக்குப் போட்டுக்கறது. நீங்கதான் தேச்சுத் தரணும்."

"தராமயா மாப்ள? கத்தி மாதிரி கோடு எடுத்துத் தர்றேன் பாரு."

"கத்தி வேணாம் அண்ணே" என்றாள் அவள். இந்தத் தடவை குழி நன்றாகத் தெரிந்தது. "ரெண்டு கோடு வேணும். நாலு பேண்ட்லயும். நடுவுல ஒரு வெரல் எடம் விட்டு. தெரியாம விழுந்த மாதிரி இருக்கக் கூடாது, வேணும்னே போட்டதுன்னு கடைசி வரிசைக்கும் தெரியணும்."

சோப்பு மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். முதலாளியம்மா கவுண்டருக்குப் பின்னால் கையால் கண்ணை மூடிக்கொண்டார். பெட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கிண்டல் இல்லை. மன்னிப்பு மாதிரியும் இல்லை. வேலை கொடுக்க வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு முதல் பேண்ட்டை விரித்தார். முதல் கோட்டை எடுத்தார், அது அவர் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. துணியை ஒரு விரல் நகர்த்தி மறுபடி மடித்தார். இஸ்திரிப் பெட்டியை இறக்கினார். கை பழக்கத்தில் வழுக்கிக்கொண்டு பழைய கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. தண்ணீர் தெளித்து மறுபடி நகர்த்தினார். மறுபடியும் பழைய கோடுதான். இத்தனை வருஷம் கை தெரியாமல் செய்துவிடக் கூடாதே என்று பயந்ததை, இப்போது தெரிந்தே செய் என்றால் கேட்க மாட்டேன் என்கிறது.

எதிர்ச் சுவரை ஒரு தடவை பார்த்தார். காதில் ஒயரை மாட்டி இருபத்தொன்றைப் போட்டார். ட்ரம்பெட் அறை அறையாகத் தேட ஆரம்பித்தது. துணியை இடது கையால் இறுக்கிப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதல் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரல் தள்ளிப் பெட்டியை வைத்து அழுத்தினார்.